சுரத்துக்குக் கீழே இருக்கிறது வழி

கேள்வி: "அக்கா, நாங்கள் நாடுகாணிக்கும் தேவாலாவுக்கும் நடுவில் எஸ்டேட் லயனில் இருக்கிறோம். அம்மாவுக்கு வாயில் கேன்சர், கழுத்துக்குப் பரவிவிட்டது. இனிமேல் வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். தங்கைதான் அம்மா பக்கத்தில். சாகப்போகிறவர்களுக்கும் வீட்டாருக்கும் துணையாக இருக்க 'டெத் டூலா' என்று ஆட்கள் உண்டு என யூடியூபில் பார்த்தேன். கூடலூர், ஊட்டிப் பக்கம் கிடைப்பார்களா? எவ்வளவு கேட்பார்கள்?"

தம்பி, அந்தப் பெயரில் ஆள் தேடி அலைய வேண்டாம். 2003-ல் நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ வைஸ் என்ற சமூகப் பணியாளர் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. பிரசவத்தின்போது கூடவே இருந்து தைரியம் சொல்லும் பெண்களைப் பார்த்து, சாவுக்கும் அப்படி ஒரு துணை வேண்டும் என்று தொண்டர்களைப் பழக்கினார். அவர்கள் மருந்து கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை. அந்த வேலைக்கென்று அரசு உரிமமும் கிடையாது. அதனால் யாராவது இணையத்தில் வாங்கிய சான்றிதழைக் காட்டி முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அவர்கள் செய்வதைச் சொல்கிறேன். நோயாளிக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பார்கள். அடுத்து என்ன மாற்றம் வரும் என்று வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்வார்கள். ராத்திரி முறைபோட்டு விழித்திருப்பார்கள். பார்க்க வரும் கூட்டத்தை அளவோடு உள்ளே விடுவார்கள். எல்லாம் முடிந்தபிறகும் சில வாரம் வீட்டை எட்டிப் பார்ப்பார்கள். இதில் எதற்கும் பட்டம் தேவையில்லை. உங்கள் லயனிலேயே நாலைந்து பேர் பிரித்துக்கொண்டால் நடக்கிற காரியம்தான். ஆனால் வலி அடங்காத வீட்டில் எந்தத் துணையாலும் பயனில்லை. ஆகவே வலியிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு இப்போது என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வாய்ப்புற்று கழுத்துக்கு இறங்கினால் வரும் வலி மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கு அடங்காது. மார்ஃபின் வேண்டியிருக்கும். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் யாராவது "அதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க" என்பார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரை எடுப்பதில்லை, வலியைத்தான் எடுக்கிறது. பழகிப்போகுமே என்ற பயமும் இந்த நிலையில் வேண்டாம். சாதாரண மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருமுன்பே கொடுக்க வேண்டும். வலி வந்து துடிக்கும்வரை காத்திருந்து கொடுத்தால் மருந்து எப்போதும் வலியின் பின்னாலேயே ஓடும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கட்டாயம். அதை எழுதித் தர மறந்திருந்தால் கேட்டு வாங்குங்கள். மார்ஃபினால் வலி தீர்ந்தும், வாரக்கணக்கில் வெளிக்குப் போகாமல் அவதிப்படுகிறவர்கள் நிறைய.

இந்த மருந்து எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. 1985-ம் வருடத்துப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் வலிக்காரர்கள் பல வருடம் அவதிப்பட்டார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இருப்பு வைத்துக் கொடுக்க வழிசெய்தார்கள். ஆகவே கூடலூர் அரசு மருத்துவமனையிலும் ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நேராக இதையே கேளுங்கள்: "பாலியேட்டிவ், அதாவது வலி தணிக்கும் பிரிவு உண்டா? மார்ஃபின் இருப்பு உண்டா?" டிஸ்சார்ஜ் சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட், அம்மாவின் ஆதார் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.

விருதுநகர், மதுரைப் பக்கத்தில் 'தலைக்கூத்தல்' என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையானவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவைப்பது. அது கொலைதான். சட்டமும் அப்படித்தான் பார்க்கும். ஆனால் அதற்குத் துணிந்த வீடுகளில் பாதிக்குமேல் வலி மருந்தும் நர்ஸும் எட்டாத வீடுகளாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். நாடுகாணியில் நின்றால் சுரம், அதாவது மலைப்பாதை இறங்கி வழிக்கடவு, அதைத் தாண்டி நிலம்பூர். பெரிய வைத்தியத்துக்குப் பெரிந்தல்மண்ணை, கோழிக்கோடு என்று உங்கள் ஊர்க்காரர்கள் இறங்குகிற பாதைதான். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வலி மருந்து கொடுக்கக் கொடுக்க ஒன்று புரிந்தது: டாக்டர் வாரத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பார், மிச்ச நேரமெல்லாம் வீட்டில் யார் பார்ப்பது? அதற்கு மலப்புறம் மாவட்டம் விடை கண்டது. நிலம்பூர், மஞ்சேரி போன்ற ஊர்களில் ஆட்டோக்காரர், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளை, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று பலரும் பயிற்சி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்க்கத் தொடங்கினார்கள். செலவுக்குக் கடைகளில் உண்டியல். நர்ஸ் ஒருவர் ஜீப்பில் வீடுவீடாகப் போவார், தொண்டர்கள் கூடப் போவார்கள். புண் கட்டுவது நர்ஸின் வேலை. ரேஷன் இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பது தொண்டரின் வேலை. 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. அதன்பின் பஞ்சாயத்துகளே நர்ஸ் வைத்துக்கொண்டன. 2010-ல் உலக அளவில் 40 நாடுகளைச் சாவின் தரத்துக்காக வரிசைப்படுத்தியபோது இந்தியா கடைசி இடம். அதே அறிக்கை கேரளத்தைத் தனியாக எடுத்துப் பாராட்டியது. அந்தப் பாராட்டுக்குரிய மாவட்டம் உங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறது, நீங்கள் யூடியூபில் நியூயார்க்கைத் தேடுகிறீர்கள்!

அவர்கள் எல்லை தாண்டி வீட்டுக்கு வருவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் உங்கள் தங்கையோ பக்கத்து வீட்டு அக்காவோ ஒரு பகல் இறங்கிப்போய், படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் போடுவது எப்படி, வாய் துடைப்பது எப்படி என்று பார்த்துவிட்டு வரலாம். அங்கே டாக்டரிடம் காட்டி மார்ஃபின் வாங்கினால் சீட்டு இல்லாமல் சுரம் ஏறாதீர்கள். நாடுகாணியில் சோதனைச் சாவடி இருக்கிறது.

நம் பக்கமும் ஒன்றுமில்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றால் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே பாலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருவதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்து, நர்ஸ் என்றைக்கு உங்கள் பக்கம் வருவார், அவர் நம்பர் என்ன என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டில் பழங்குடியினர் யாராவது இருந்தால் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை விசாரியுங்கள். 'அஸ்வினி' அமைப்பு நடத்தும் அந்த மருத்துவமனை பணியர், குறும்பர் வீட்டுப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் வளர்த்தெடுத்தது. இந்த மலையில் அக்கம்பக்கத்தார் கற்றுக்கொண்டு செய்ய முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நர்ஸிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். பொழுது சாய்ந்தால் உங்கள் பாதையில் யானை. மழைக்காலமானால் மண்சரிவு. ராத்திரி 11 மணிக்கு வலி ஏறினால் யாரும் வரமுடியாது. ஆகவே திடீர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்தை அளவு எழுதி முன்பே வீட்டில் வைத்துவிடச் சொல்லுங்கள். தங்கை அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைக்கட்டும்.

அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி இருப்பதால் இன்னொன்று. புண்ணில் நாற்றம் வந்தால் சாம்பிராணி போட்டு மறைக்க வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் குறையும், நர்ஸிடம் கேட்டுச் செய்யுங்கள். ஈ உட்காராமல் மூடிவையுங்கள். அந்த இடத்தில் திடீரென்று ரத்தம் பெருகுவதும் உண்டு. அடர்சிவப்பிலோ கறுப்பிலோ பழைய துண்டு நாலைந்து கட்டிலுக்கடியில் மடித்து வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் அம்மாவும் மிரண்டுபோவார், பார்க்கிற பிள்ளையும் மிரளும். துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்வது கொடுமையாகப் படலாம். சொல்லாமல் விட்ட வீடுகளில்தான் தங்கைமாருக்கு வருடக்கணக்கில் தூக்கம் வருவதில்லை.

லீவு எப்போது போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாலியேட்டிவ்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. நோயாளியிடம் மாற்றம் மாதத்துக்கு மாதம் தெரிந்தால் கையில் சில மாதம் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் என்றால் சில வாரம். நேற்றைக்கு உட்கார்ந்தவர் இன்றைக்கு உட்காரவில்லை என்று நாளுக்கு நாள் மாறினால் சில நாள்தான். வாரத்துக்கு வாரம் என்ற கட்டத்திலேயே கிளம்பிவிடுங்கள். காசு அனுப்புவது போதாது. ராத்திரி முறையில் உங்கள் பங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் தங்கை படுத்துவிடுவாள். சொந்தக்காரர்கள் வெளியூர் வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் அந்த விதி. நீலகிரி பதிவு வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் வேண்டாம்.

கடைசி நாட்களில் என்ன நடக்கும்? முதலில் சாப்பாடு குறையும். உடம்பு கேட்பதில்லை, அதனால் சாப்பிடுவதில்லை. சாப்பிடாததால் சாகிறார் என்று நினைப்பது தலைகீழ்ப் பாடம். நம் வீடுகளில் அன்பைச் சோற்றால்தான் காட்டத் தெரியும், ஆகவே கஞ்சிக் கிண்ணத்தோடு சண்டை நடக்கும். வேண்டாம். கேட்டால் கொடுங்கள், சாய்த்து உட்காரவைத்து, ஸ்பூனால். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்களேன்" என்று யாராவது கம்பவுண்டரைக் கூட்டிவருவார். இந்தக் கட்டத்தில் ஏற்றும் தண்ணீர் காலிலும் நெஞ்சிலும்தான் தங்கும், சளி கூடும்.

தூக்கம் நீளும். சிறுநீர் குறைந்து நிறம் கறுக்கும். செத்துப்போன பாட்டி வாசலில் நிற்பதாக அம்மா சொல்லலாம். "அங்கே யாரும் இல்லம்மா" என்று வாதாட வேண்டாம், பயமில்லாமல் பேசினால் பேசட்டும். திடீரென்று ஒருநாள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்பார், எல்லார் பேரையும் சொல்வார். பிழைத்துவிட்டார் என்று ஊருக்கெல்லாம் போன் போடாதீர்கள். அணையப்போகிற விளக்கு அப்படி ஒருமுறை சுடர்விடுவது உண்டு. அந்த ஒரு பகலைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கை கால் சில்லிடும், முழங்காலில் நீலமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். மூச்சு வேகமாக ஓடி, நின்று, அரை நிமிடம் கழித்து மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். கேட்கிறவருக்கு அது வேதனை, நோயாளிக்குப் பெரும்பாலும் அது வேதனை தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பாதி அடங்கும். மூச்சு வாங்கினால் தலையை உயர்த்தி, முகத்துக்கு மெல்லிய காற்று வருமாறு ஃபேனையோ விசிறியையோ வையுங்கள். குளிர் என்று ஜன்னலை அடைத்துக் கரிச்சட்டியை உள்ளே வைக்கும் பழக்கம் நீலகிரியில் இருக்கிறதே, அதை அடியோடு விடுங்கள். அந்தப் புகையில் தூக்கத்திலேயே குடும்பமாகப் போனவர்கள் உண்டு. நோயாளிக்கு மேலாகக் கம்பளி போதும்.

பால் ஊற்றுவதைப் பற்றி. உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொல்லி ஆளாளுக்கு ஒரு ஸ்பூன் பால் ஊற்றுவார்கள், மண்ணாசை தீரவில்லை என்று மண்ணைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. விழுங்கத் தெம்பில்லாத தொண்டையில் ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போகும், மூச்சு முட்டும். சடங்கை விடச் சொன்னால் பெரியவர்கள் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லப்போவதில்லை. சுத்தமான துணியைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் தொட்டுவைக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைவரை எல்லாரும் செய்யலாம். மற்ற நேரத்தில் அதே மாதிரி வெந்நீர்த் துணியால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயைத் துடைத்து உதட்டில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். கடைசியில் தாகம் என்பது பெரும்பாலும் வாய் வறட்சிதான்.

பார்க்க வருகிறவர்களை ஒருவர் வாசலில் நின்று கவனிக்க வேண்டும். தங்கை அல்ல, வாய்த்துடுக்குள்ள ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து, கட்டில் தலைமாட்டில் நின்று, "ஆள் பாதியாயிட்டாங்களே, போன வாரம் எங்க பெரியம்மா இப்படித்தான்..." என்று தொடங்குகிற ஆளைத் தோளில் கைபோட்டுத் திண்ணைக்கு அழைத்துப்போய் டீ கொடுப்பதுதான் அவர் வேலை. கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்கக்கூடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020-ல், கூப்பிட்டால் அசையாத நிலைக்கு வந்துவிட்ட ஹாஸ்பிஸ் (கடைசிக் காலப் பராமரிப்பு இல்லம்) நோயாளிகளின் மூளை ஒலிக்குப் பதில் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே வீடு யாருக்கு, பி.எஃப். யாருக்கு என்ற பேச்சைக் கட்டிலருகில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, மற்றவர்கள் எல்லாரும் கேட்பது அதுதான். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும், வீட்டார் மறைப்பதும் தெரியும். நீங்களாக அறிவிக்க வேண்டாம். "உடம்பு எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தோணுதும்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் திறந்தால் நீங்களும் திறங்கள். லயன் வீடுகளில் பலருடைய மனதை அரிப்பது சாவு இல்லை. இந்த லயனைக் காலி செய்யச் சொன்னால் பிள்ளை எங்கே போகும் என்பதுதான். அதற்கு ஒரு பதில் யோசித்து வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

டூலாக்கள் செய்கிற இன்னொரு காரியம் எனக்குப் பிடிக்கும். நோயாளியின் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்வார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களில் சில ஆயிரம் பேருக்காகத்தான் அரசு கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தேயிலை போட்டது, பின்னால் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று. உங்கள் அம்மாவும் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்த பிள்ளையாக இருந்தால், அந்தக் கதை அவரோடு போய்விடும். வாய்ப்புற்றுக்காரருக்குப் பேச்சு சீக்கிரம் குளறும். இந்த வாரமே போனை ரெக்கார்டில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பிறந்த தோட்டத்தின் பெயரில் தொடங்குங்கள், மிச்சம் தானாக வரும். பத்து நிமிடத்துக்கு மேல் பேசவைத்துக் களைப்படைய விடாதீர்கள்.

காகித விஷயம் சுருக்கமாக. வெண்டிலேட்டரில் வைக்க வேண்டாம் என்று அம்மா முன்கூட்டி எழுதிவைக்க விரும்பினால் உச்ச நீதிமன்றம் 2018-ல் அதற்கு வழிவிட்டது. 2023-ல் எளிதாக்கியும் விட்டது: இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து. வீட்டிலேயே பார்த்துக்கொள்வதென்று எல்லாரும் ஒத்துக்கொண்டால் அதுகூட அவசியப்படாது. ஆனால் அந்த ஒப்புதலை வெளியூர் அண்ணன், சென்னை மாமா எல்லாரிடமும் இப்போதே வாங்கிவிடுங்கள். கடைசி ராத்திரியில் வந்து இறங்கி "ஏன் ஐ.சி.யு.வுல போடல" என்று சத்தம் போடுகிற சொந்தக்காரர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.

மூச்சு நின்றதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதன்பின் எந்த அவசரமும் இல்லை. தெரிந்த நோயால் வீட்டில் இறந்தால் போலீஸும் வேண்டாம், பிரேதப் பரிசோதனையும் வேண்டாம். பார்த்துவந்த டாக்டரிடம் 4ஏ படிவத்தில் இறப்புக் காரணச் சான்று வாங்குங்கள். நகராட்சி எல்லை என்றால் நகராட்சியில், ஊராட்சி என்றால் வி.ஏ.ஓ.விடம் 21 நாளைக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் ஐந்தாறு நகலாக எடுங்கள். பி.எஃப்., பாங்க், ரேஷன் கார்டு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் இறக்க நேர்ந்தால் 108 உடலை ஏற்றாது. அரசு மருத்துவமனைகளிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377.

மிஞ்சிய மார்ஃபின் மாத்திரையை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வைக்கவும் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. வாட்டர் பெட் வாங்கியிருந்தால் டெட்டால் போட்டுத் துடைத்து நர்ஸிடம் சொல்லிவையுங்கள், கேட்பதற்கு வீடுகள் இருக்கும். தங்கையைப் பற்றி ஒன்று. கருமாதி முடிந்து எல்லாரும் பஸ் ஏறியபிறகுதான் அவளுக்குக் கஷ்டமே தொடங்கும். வாசலில் நிற்கச் சொன்னேனே அந்த அக்கா, அவரிடமே வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்தும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.